மீண்டும் பணிக்கு: மனநலச் சிகிச்சையின் மறுபாதி

மனநலப் புறநோயாளர் பிரிவில் நோய் சற்றுத் தணிந்தவுடன் பெரும்பாலோர் கேட்கும் முதற்கேள்வி, "மாத்திரையை எப்போது நிறுத்தலாம்?" என்பதாகும். அடுத்த கேள்வி, "வேலைக்கு எப்போது போகலாம்?" என்பது. முதற்கேள்விக்கு மருத்துவர் விடை கூறிவிடுவார். இரண்டாவது கேள்விக்கு உரிய விடையின் ஒரு பகுதிதான் மருத்துவரிடம் இருக்கிறது. மறுபகுதி நோயுற்றவரின் வீட்டிலும், அவர் பணிபுரியும் ஆலையிலோ அலுவலகத்திலோ கடையிலோ உள்ள மேற்பார்வையாளரிடமும் இருக்கிறது.

பணிக்குத் திரும்புவது ஊதியத்தைப் பற்றிய செய்தி மட்டுமன்று. காலையில் எழுவதற்கு ஒரு காரணம், நாளுக்கு ஓர் ஒழுங்கு, பேசுவதற்கு நான்கு பேர், உறவினர் வீட்டு விசேஷத்தில் "என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டால் சொல்வதற்கு ஒரு விடை ஆகிய அனைத்தும் அதனுள் அடங்கும். அதனால்தான் சிகிச்சை நன்கு பலனளித்த பின்னரும், பணியிடத்தில் கசப்பான வரவேற்பைச் சந்தித்த ஒருவர் மீண்டும் வீட்டுக்குள் முடங்கிவிடும்போது, அதுவரை எடுத்த முயற்சிகள் பலவும் வீணாகின்றன. பணியிடத்தில் மனநலப் பயிற்சியும் ஆதரவும் என்றால் என்ன, அவற்றிலிருந்து நோயாளரும் குடும்பத்தாரும் எதனை எதிர்பார்க்கலாம், எதனைக் கேட்டுப் பெறலாம் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

இது சிலருடைய சிக்கல் அன்று

உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி, 2019ஆம் ஆண்டில் உழைக்கும் வயதினரில் 15 சதவீதத்தினர் ஏதேனும் ஒரு மனநலக் கோளாறுடன் வாழ்ந்தனர். மனச்சோர்வாலும் பதற்றக் கோளாறுகளாலும் மட்டும் ஆண்டுதோறும் உலகெங்கும் ஏறத்தாழ 1,200 கோடி வேலைநாள்கள் இழக்கப்படுகின்றன. இதனால் ஏற்படும் உற்பத்தி இழப்பு ஒரு இலட்சம் கோடி அமெரிக்க டாலர் என்று அந்நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

நம் நாட்டில் பெங்களூரு நிமான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் 2015-16ஆம் ஆண்டுகளில் தேசிய மனநல ஆய்வை நடத்தியது. வயது வந்தோரில் 10.6 சதவீதத்தினருக்கு அப்போது ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருந்தது என அது கண்டறிந்தது. அவர்களுள் சிகிச்சை பெறாதோரின் பங்கு, நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் வரை இருந்தது. நூறு பேர் பணிபுரியும் ஓர் இடத்தில் பத்துப் பேருக்கு இத்தகைய துன்பம் இருக்கலாம் என்பதும், அவர்களுள் பெரும்பாலோர் அதனை யாரிடமும் கூறாமலே வேலை செய்துகொண்டிருக்கக்கூடும் என்பதும் இதன் பொருள். எனவே சிகிச்சைக்குப் பின் பணிக்குத் திரும்பும் ஒருவர், தாம் மட்டுமே வேறுபட்டவர் என்று எண்ணத் தேவையில்லை. அவருக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் அமர்ந்திருப்போரில் ஒருவர் இதே துன்பத்தை மறைத்துக்கொண்டிருக்கக்கூடும்.

வேலை மருந்தாவதும் நோயாவதும்

நல்ல பணி மனத்தைத் தேற்றும் என்பதைத் தமிழகத்தின் மனநல மருத்துவம் நெடுங்காலமாக அறிந்திருக்கிறது. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் எனும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனம், மருந்தோடு தொழிற்பயிற்சியையும் மறுவாழ்வின் பகுதியாகவே கொண்டுள்ளது. ஒருவரது கைகள் மீண்டும் ஒரு வேலையைப் பழகும்போது அவரது தன்னம்பிக்கையும் உடன் திரும்புகிறது.

ஆயின் எல்லா வேலையும் மருந்தாகிவிடாது. அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் கராசெக் 1979இல் வெளியிட்ட ஒரு கருத்து இன்றளவும் இத்துறையில் அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது. பணிச்சுமை மிகுதியாக இருப்பது மட்டும் ஒருவரை நோயுறச் செய்வதில்லை; சுமை மிகுந்தும், அதனை எப்போது எவ்வாறு செய்வது என்பதில் தமக்கு எந்த உரிமையும் இல்லாதபோதே மனம் கடுமையாக நசுக்கப்படுகிறது என்பது அவர் கூற்றின் சாரம். ஒரு மணி நேரத்தில் இத்தனை உருப்படி என்ற இலக்கோடு தையல் வரிசையில் அமர்ந்திருக்கும் பெண்ணுக்கும், அழைப்புகளின் இடைவெளி நொடிக்கணக்கில் அளக்கப்படும் தொலைபேசிச் சேவை மையப் பணியாளருக்கும் இது தெரிந்த செய்திதான். நீர் குடிக்கவும் கழிப்பறைக்குச் செல்லவும் ஒருவரிடம் அனுமதி கேட்க வேண்டிய வேலையில், களைப்பைவிட இழிவுணர்வே மனத்தை அதிகம் அரிக்கிறது.

இதற்குத் தமிழ்நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் பணிபுரிவோர் நாள் முழுவதும் நின்றுகொண்டே இருக்க வேண்டிய நிலை இருந்தது. 2021ஆம் ஆண்டில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம், ஊழியர்கள் அமர்வதற்கு இருக்கை அளிக்க வேண்டும் என்பதைக் கட்டாயமாக்கியது. இது கால்வலிக்கான சட்டம் போலத் தோன்றினாலும், "நான் களைத்திருக்கிறேன், சற்று அமரலாம்" என்று தாமே முடிவு செய்யும் உரிமையை அது ஊழியருக்கு அளித்தது. பணியிட மனநலத்தின் தொடக்கம் இத்தகைய சிறு உரிமைகளிலேயே உள்ளது.

பணியினால் நேரும் மனக்களைப்பு குறித்தும் ஒரு தெளிவு தேவை. உலக சுகாதார நிறுவனம் தனது நோய் வகைப்பாட்டின் பதினொன்றாம் பதிப்பில் அதனை நோயாகச் சேர்க்கவில்லை. நன்கு கையாளப்படாத நெடுநாள் பணியழுத்தத்தால் ஏற்படும் ஒரு தொழில்சார் நிலை என்றே அது விளக்கியுள்ளது. ஆற்றல் வற்றிப்போதல், வேலையின் மீது விலகலும் வெறுப்பும், செயல்திறன் குறைதல் ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். இந்நிலையில் உள்ள ஒருவரை "மூச்சுப் பயிற்சி செய்யுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டு, அவரது பணிநேரத்தையும் இலக்கையும் மாற்றாமல் விட்டால் பயன் சிறிதே.

பயிற்சி என்பது எதனைக் கற்பிக்கிறது?

பல நிறுவனங்களில் மனநலப் பயிற்சி என்பது ஆண்டுக்கு ஒருமுறை, அக்டோபர் 10ஆம் நாள் உலக மனநல நாளையொட்டி நடைபெறும் ஒரு சொற்பொழிவாகவே முடிந்துவிடுகிறது. கேட்பதற்கு இனிதாக இருக்கும். மறுநாள் எதுவும் மாறியிருக்காது. பயனுள்ள பயிற்சி வேறு வகையானது. உலக சுகாதார நிறுவனம் 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளியிட்ட பணியிட மனநல வழிகாட்டு நெறிகள், முதலில் பணியின் அமைப்பைச் சீர்செய்யவும், அடுத்து மேலாளர்களையும் மேற்பார்வையாளர்களையும் பயிற்றுவிக்கவும், நோய்க்குப் பின் பணிக்குத் திரும்புவோருக்குத் திட்டமிட்ட துணை அளிக்கவும் பரிந்துரைக்கின்றன.

மேற்பார்வையாளரை மருத்துவராக்குவது இப்பயிற்சியின் நோக்கமன்று. நோய்க்குப் பெயர் சூட்டுவதும் மருந்து பரிந்துரைப்பதும் அவரது வேலையல்ல. அவர் கற்க வேண்டியவை நான்கே: கவனித்தல், கேட்டல், செவிமடுத்தல், வழிகாட்டுதல்.

கவனித்தல் என்பது மாற்றத்தைக் காண்பது. எப்போதும் குறித்த நேரத்தில் வருபவர் இரண்டு வாரமாகத் தாமதமாக வருகிறார். கலகலப்பாக இருந்தவர் தேநீர் வேளையில் தனியே நிற்கிறார். பிழையற வேலை செய்தவரிடமிருந்து பிழைகள் பெருகுகின்றன. சிறு சொல்லுக்கும் சீறி விழுகிறார். நம் ஊர்களில் மனத்துன்பம் பெரும்பாலும் உடலின் மொழியிலேயே பேசும். தலைபாரம், நெஞ்சுப் படபடப்பு, கை கால் குடைச்சல், பசியின்மை என்று அடிக்கடி விடுப்புக் கேட்பவரைச் "சாக்குச் சொல்கிறார்" என்று தள்ளிவிடாமல் இருக்கப் பயிற்சி உதவுகிறது.

கேட்டல் என்பதற்குச் சொல் தேர்வு முக்கியம். "உங்களுக்கு ஏதோ மனநோய் போலிருக்கிறது" என்பது முடிவைச் சொல்வது. "எல்லாருக்கும்தான் கஷ்டம், நீங்கள் மட்டும் ஏன் இப்படி?" என்பது குற்றம் சாட்டுவது. பின்னலாடை ஆலை ஒன்றின் மேற்பார்வையாளர் தம்மைவிட வயதில் மூத்த தொழிலாளியைத் தனியே அழைத்து, "அக்கா, இரண்டு வாரமாக மதியச் சாப்பாட்டுக்கு நீங்கள் எங்களோடு உட்காருவதில்லை. திரும்பி வரும் உருப்படியும் கூடியிருக்கிறது. நீங்கள் இப்படி இருப்பவர் அல்லவே? உடம்புக்கோ மனசுக்கோ ஏதேனும் சிரமமா?" என்று கேட்டால் அது உண்மையான கேள்வி. அதில் கண்ட செய்தி இருக்கிறது, அக்கறை இருக்கிறது, விடை சொல்லாமல் இருக்கும் சுதந்திரமும் இருக்கிறது. மற்றவர்கள் முன்னிலையில் இதே கேள்வியைக் கேட்டால் அது அவமானமாகிவிடும்.

செவிமடுத்தலே கடினமான பகுதி. இடையில் அறிவுரை கூறாமல், தம் கதையைச் சொல்லாமல், "இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று சுருக்காமல் பத்து நிமிடம் கேட்பதற்குப் பழக்கம் வேண்டும். ஆகவே நல்ல பயிற்சியில் விளக்கப்படங்களைவிட, இருவர் இருவராக அமர்ந்து பேசிப் பழகும் நேரமே அதிகமாக இருக்கும்.

வழிகாட்டுதல் என்பது அடுத்த படியைச் சொல்வது. எந்த மருத்துவமனைக்குச் செல்வது, எந்த எண்ணை அழைப்பது, விடுப்பை எவ்வாறு பெறுவது என்பவை மேற்பார்வையாளருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

இதனையொட்டிய மனநல முதலுதவிப் பயிற்சி 2000ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் பெட்டி கிட்ச்னர், ஆண்டனி ஜோர்ம் ஆகியோரால் தொடங்கப்பட்டு, பின்னர் பல நாடுகளுக்குப் பரவியது. விபத்தில் காயமுற்றவருக்கு மருத்துவர் வரும்வரை செய்யும் முதலுதவி போன்றதே இதுவும். அணுகி நெருக்கடி உண்டா என அறிதல், தீர்ப்புக் கூறாமல் கேட்டல், ஆறுதலும் தகவலும் அளித்தல், மருத்துவ உதவி பெற ஊக்குவித்தல், குடும்பம் நண்பர் முதலிய பிற துணைகளை நாடச் செய்தல் என்னும் ஐந்து படிகள் அதில் கற்பிக்கப்படுகின்றன.

தமிழ்நாடு காவல்துறை நிமான்ஸ் நிறுவனத்துடன் இணைந்து நடத்திய காவலர் நிறைவாழ்வுப் பயிற்சியில் நாம் கற்றுக்கொள்ளத்தக்க இரு கூறுகள் உள்ளன. காவலர்களிலேயே சிலர் பயிற்றுநர்களாக உருவாக்கப்பட்டனர். சீருடைக்குள் இருக்கும் துன்பத்தைச் சீருடை அணிந்த மற்றொருவர் பேசும்போது தயக்கம் குறைகிறது. அத்துடன், காவலரின் குடும்பத்தாரும் பயிற்சியில் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். பணியின் அழுத்தம் வீட்டுக்குள் நுழைகிறது, வீட்டின் அழுத்தம் பணிக்குள் நுழைகிறது என்பதை அறிந்து செய்த ஏற்பாடு இது.

சொல்வதா, மறைப்பதா?

நோயாளரும் குடும்பத்தாரும் பெரிதும் குழம்பும் இடம் இது. நோயைப் பற்றிப் பணியிடத்தில் கூறலாமா? இதற்கு எல்லாருக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. ஆனால் சில செய்திகள் முடிவெடுக்க உதவும்.

முதலாவது, உங்கள் மனநலம், சிகிச்சை ஆகியவை பற்றிய தகவல்களை இரகசியமாகக் காக்கும் உரிமையை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்களுக்கு அளித்துள்ளது. சட்டம் கூறும் சில விதிவிலக்குகள் தவிர, உங்கள் ஒப்புதலின்றி மருத்துவமனை உங்கள் மேலாளருக்கு எதனையும் தெரிவிக்காது. மேலாளர் தொலைபேசியில் கேட்டாலும் இதுவே நடைமுறை.

இரண்டாவது, எல்லாவற்றையும் சொல்வதற்கும் எதுவுமே சொல்லாமல் இருப்பதற்கும் இடையில் பல படிகள் உள்ளன. நோயின் பெயரைக் கூறாமல் தேவையை மட்டும் கூறலாம். "உடல்நலக் காரணத்தால் மூன்று மாதங்களுக்கு இரவு ஷிப்ட் கூடாது என மருத்துவர் கூறியுள்ளார்" என்பதே பல வேளைகளில் போதுமானது. நோயின் பெயரைத் தவிர்த்து, பணிக்குத் தகுதியானவர் என்பதையும் தேவையான ஏற்பாடுகளையும் மட்டும் கடிதத்தில் எழுதித் தருமாறு மருத்துவரிடம் நீங்கள் கேட்கலாம்.

மூன்றாவது, சொல்வதாக முடிவு செய்தால் யாரிடம் சொல்வது என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஆலைகளில் தொழிலாளர் நல அலுவலர், நிறுவனங்களில் மனிதவள அலுவலர், அல்லது நம்பகமான நேரடி மேற்பார்வையாளர் ஆகியோருள் ஒருவரிடம் மட்டும், அமைதியான வேளையில், என்ன உதவி தேவை என்பதையும் உடன் சேர்த்துச் சொல்வது நல்லது. அச்செய்தி யார் யாருக்குத் தெரியலாம் என்பதையும் அப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் பாதையை மருத்துவருடன் வகுத்தல்

நீண்ட விடுப்புக்குப் பின் முதல் நாளே முழுநேரப் பணியிலும் முழு இலக்கிலும் அமர்வது பலருக்கு இயலாது. இரண்டு வாரம் அரைநாள், அடுத்து முழுநாள், பின்னர் முழு இலக்கு என்று படிப்படியாகத் திரும்புவது சிறந்தது. இதனை வகுக்க, உங்கள் வேலையைப் பற்றி மருத்துவரிடம் விரிவாகக் கூறுங்கள். "மில்லில் வேலை" என்று மட்டும் சொன்னால் மருத்துவருக்குப் பாதிதான் விளங்கும். எந்த ஷிப்ட், என்ன இயந்திரம், எவ்வளவு வெப்பம், வீட்டிலிருந்து எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும் என்பவை மருந்தைத் தேர்ந்தெடுப்பதையே மாற்றக்கூடியவை. சில எடுத்துக்காட்டுகள்:

தூக்கம்: சில மருந்துகள் காலையில் மந்தநிலையைத் தரும். மாத்திரை எடுக்கும் நேரத்தையோ அளவையோ மாற்ற இயலுமா என்று கேளுங்கள். பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் தரப்படும் குளோனாசெபாம், அல்பிரசோலாம் போன்றவற்றை எடுப்போர், மருத்துவரிடம் கேட்காமல் வாகனம் ஓட்டுவதும் வெட்டும் இயந்திரங்களில் நிற்பதும் ஆபத்து.

இரவு ஷிப்ட்: இருமுனைக் கோளாறு உடையவருக்கு உறக்கம் குலைவது நோய் மீண்டும் எழுவதற்கு வழிவகுக்கும். வாரந்தோறும் மாறும் ஷிப்டைத் தவிர்த்து நிலையான பகல் ஷிப்ட் பெறுவது, அவருக்குச் சலுகையன்று. சிகிச்சையின் ஒரு கூறு.

வெப்பம்: லித்தியம் எடுப்பவர் சாயப்பட்டறை, உலைக்களம், கட்டடப்பணி போன்ற இடங்களில் மிகுதியாக வியர்த்து உடலில் நீர் வற்றினால், இரத்தத்தில் லித்தியத்தின் அளவு ஆபத்தான நிலைக்கு உயரலாம். போதிய நீரும் நிழலில் ஓய்வும் இன்றியமையாதவை. உடல்வலிக்காகக் கடையில் தாமே வாங்கும் ஐபூபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகளும் லித்தியத்தின் அளவை உயர்த்தும். மனப்பிறழ்வு நோய்க்கான மருந்துகள் சிலவும் உடல் வெப்பத்தைத் தணிக்கும் ஆற்றலைக் குறைக்கும்.

கை நடுக்கம்: லித்தியம் போன்ற மருந்துகளால் சிலருக்குக் கை நடுங்கும். ஊசி கோப்பதும் நுண்ணிய பாகங்களைப் பொருத்துவதும் கடினமாகும். "வேலை மறந்துவிட்டது" என்று வருந்தாமல் மருத்துவரிடம் கூறுங்கள், தீர்வு உண்டு.

பரிசோதனை நாள்கள்: குளோசபின் தொடங்குவோருக்கு முதல் 18 வாரங்கள் வாரந்தோறும் இரத்தப் பரிசோதனை தேவை. அதற்கான அரைநாள் விடுப்பை முன்கூட்டியே எழுதிக் கேட்டுப் பெறுவது நல்லது. விடுப்புக்கு அஞ்சிப் பரிசோதனையைத் தவறவிடுவோரும் உண்டு. அது உயிருக்கே தீங்காகலாம்.

கடுமையான மனநோயுற்றவர் முழுமையாகப் பயிற்சி பெற்ற பின்னரே வேலைக்குச் செல்ல வேண்டும் என்று ஒரு காலத்தில் கருதினர். 1990களில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ராபர்ட் டிரேக், டெபோரா பெக்கர் ஆகியோர் உருவாக்கிய முறை இந்த வரிசையைத் தலைகீழாக்கியது. விரும்பும் ஒருவரை விரைவில் உண்மையான, ஊதியமுள்ள வேலையில் சேர்த்து, அவ்விடத்திலேயே அவருக்கும் முதலாளிக்கும் தொடர்ந்து துணை நிற்பது அம்முறை. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளில், பழைய வழியைவிட இதில் கூடுதலானோர் வேலை பெற்றனர். முழுதும் குணமாகும்வரை காத்திருக்க வேண்டும் என்பதில்லை. துணை இருந்தால் முன்னதாகவே தொடங்கலாம் என்பது இதிலிருந்து பெறும் பாடம்.

சட்டமும் காப்பீடும் தரும் பாதுகாப்பு

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வகுத்துள்ள 21 வகைகளுள் மனநோயும் ஒன்று. பணிக்காலத்தில் ஒருவருக்கு மாற்றுத்திறன் நிலை ஏற்பட்டால், அதற்காக அவரைப் பணியிலிருந்து நீக்கவோ பதவி குறைக்கவோ அரசு நிறுவனங்களுக்கு உரிமையில்லை. இயலாத பணியாயின், அதே ஊதிய விகிதத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். தனியார் உள்ளிட்ட ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை அறிவிக்க வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. உங்கள் நிறுவனத்தில் அது உள்ளதா என்று கேட்டறியுங்கள்.

2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், மத்திய ரிசர்வ் காவல் படை அலுவலர் ஒருவரின் வழக்கில் முக்கியமான தீர்ப்பொன்றை அளித்தது. மனநல பாதிப்புடையவர் மீது, அப்பாதிப்போடு தொடர்புடைய நடத்தைக்காக ஒழுங்கு நடவடிக்கை தொடங்குவது மறைமுகமான பாகுபாடாகும் என்று நீதிமன்றம் கூறியது. நோயின் வேகத்தில் நிகழ்ந்ததை ஒழுங்கீனமாக மட்டும் பார்க்கலாகாது என்பதற்கு இது வலுவான சான்று.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை பெற, அரசு மருத்துவக் குழு மதிப்பீடு செய்யும். மனநோய்க்கான அளவுகோல் தன்னைப் பேணுதல், பிறரோடு பழகுதல், பேசிப் புரிந்துகொள்ளுதல், வேலை செய்தல் ஆகிய நான்கையும் நோயின் கால அளவையும் கணக்கிடுகிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் பல நலத்திட்டங்களுக்குத் தகுதி உண்டு. அரசுப் பணிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 சதவீத ஒதுக்கீட்டில் மனநோயாளரும் இடம்பெறும் பிரிவு ஒன்று உள்ளது.

இ.எஸ்.ஐ. காப்பீடு உள்ள தொழிலாளர்கள் பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. உரிய சந்தா செலுத்தியவர் மருத்துவச் சான்றுடன் விடுப்பில் இருக்கும்போது, ஆண்டுக்கு 91 நாள்கள் வரை ஊதியத்தின் 70 சதவீதத்தை நோய்க்காலப் பணப்பயனாகப் பெறலாம். நீண்டகால நோய்களின் பட்டியலில் மனச்சிதைவு உள்ளிட்ட மனப்பிறழ்வு நோய்களும் உள்ளன. அவற்றுக்கு, கூடுதல் பணிக்கால நிபந்தனைகளை நிறைவு செய்தோர், மேலும் நீண்ட காலத்துக்கு 80 சதவீத ஊதியத்தைப் பெற வாய்ப்புண்டு. "சம்பளம் போய்விடும்" என்ற அச்சத்தால் சிகிச்சையைப் பாதியில் விட்டு ஓடுவதற்கு முன், இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் ஒருமுறை விசாரியுங்கள். தனியார் மருத்துவக் காப்பீடு வைத்திருப்போருக்கும் ஒரு செய்தி: உடல்நோய்க்கு அளிப்பது போலவே மனநோய்க்கும் காப்பீடு அளிக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது.

குடும்பத்தாருக்குச் சில சொற்கள்

பணியிடத்தில் மேற்பார்வையாளர் கற்க வேண்டிய அதே நான்கு செயல்களும் வீட்டுக்கும் பொருந்தும். அவற்றோடு இவற்றையும் மனத்திற்கொள்ளுங்கள்.

முதற்சம்பளம் கைக்கு வந்தவுடன் "எல்லாம் சரியாகிவிட்டது, இனி மாத்திரை எதற்கு?" என்று கூறிவிடாதீர்கள். மனச்சோர்வு நீங்கிய பின்னரும் மருந்தை ஆறு மாதங்களுக்குக் குறையாமல் தொடர வேண்டியிருக்கும். மனப்பிறழ்வு, இருமுனைக் கோளாறு ஆகியவற்றுக்கு இன்னும் நெடுங்காலம் தேவைப்படும். வேலை தொடங்கும் மாதங்களே நோய் திரும்புவதற்கு வாய்ப்புள்ள மாதங்கள். அப்போது மருந்து இருப்பதே பாதுகாப்பு.

அவரைக் கேளாமல் அவரது மேலாளரை அழைத்துப் பேசாதீர்கள். அன்பினால் செய்தாலும், அது அவரைச் சக ஊழியர் முன் சிறுவராக்கிவிடும். அவர் விரும்பினால் உடன் சென்று துணை நில்லுங்கள்.

வீடு திரும்பியவுடன் "இன்று யாரேனும் ஏதேனும் சொன்னார்களா? தலை சுற்றியதா? மாத்திரை எடுத்தாயா?" என்று விசாரணை நடத்துவதைத் தவிருங்கள். மற்றப் பிள்ளைகளிடம் கேட்பது போல, "சாப்பிட்டாயா? இன்று வேலை எப்படி இருந்தது?" என்று கேட்பது போதும். உறக்கம் குறைதல், பேச்சு மிகுதல் அல்லது அடங்குதல், காரணமற்ற ஐயம் என, முன்பு நோய் தொடங்கியபோது நீங்கள் கண்ட அறிகுறிகளை மட்டும் குறித்து வைத்திருங்கள். அவை மீண்டும் இரண்டு மூன்று நாள்கள் தொடர்ந்தால், அடுத்த மாத மறுபரிசோதனைக்குக் காத்திராமல் அழைத்து வாருங்கள்.

பழைய வேலைக்கே திரும்ப வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஒருவரை நோயுறச் செய்த அதே சூழலுக்கு அவரை மீண்டும் அனுப்புவதைவிட, ஊதியம் சற்றுக் குறைந்தாலும் உறக்கமும் மதிப்பும் தரும் வேலை நலம் பயக்கலாம். இம்முடிவில் கடைசிச் சொல் நோயுற்றவருடையதாக இருக்கட்டும்.

உடனடி உதவி தேவைப்படும்போது

வாழ்வதில் பயனில்லை என்று ஒருவர் பேசினாலோ, விடைபெறுவது போல நடந்துகொண்டாலோ, தற்கொலை எண்ணம் உள்ளதா என்று நேரடியாக, கனிவுடன் கேளுங்கள். கேட்பதனால் அவ்வெண்ணம் உருவாகாது. மறைத்துவைத்த பாரத்தை இறக்க வழி கிடைக்கும். அவரைத் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்து போன்றவற்றை அவர் கைக்கு எட்டாமல் அகற்றி, உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் நாளின் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழில் பேசலாம். சென்னையில் 1986 முதல் தற்கொலைத் தடுப்புப் பணியாற்றிவரும் சினேகா அமைப்பின் எண் 044-24640050. தமிழ்நாடு அரசின் 104 மருத்துவ உதவி எண்ணையும் அழைக்கலாம். நோயுற்றவர் மட்டுமின்றி, அவரைப் பற்றிக் கவலைப்படும் சக ஊழியரும் குடும்பத்தாரும் இவ்வெண்களை அழைக்கலாம்.

அடுத்த முறை மனநலப் பிரிவுக்கு வரும்போது, ஒரு தாளில் மூன்று செய்திகளை எழுதி வாருங்கள்: உங்கள் வேலையின் நேரமும் தன்மையும், அவ்வேலையில் இப்போது உங்களுக்குக் கடினமாக உள்ளவை, பணியிடத்தில் நீங்கள் நம்பிப் பேசக்கூடிய ஒருவர் யார் என்பது. "வேலைக்கு எப்போது போகலாம்?" என்ற கேள்விக்கான விடையை அந்தத் தாளிலிருந்தே மருத்துவரும் நீங்களும் சேர்ந்து எழுதத் தொடங்கலாம்.